ஆட்டுக்காலில் தொடங்கிய யாளி

கும்பகோணத்தில் ஒரு அச்சகத்தில் வேலை எனக்கு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ். பிள்ளையாரை எந்த மூலையில் வைப்பது, மாப்பிள்ளையின் பட்டத்தை எத்தனை பாயிண்ட்டில் போடுவது என்று பகல் முழுக்க ஓடிவிடும். ராத்திரி சாப்பிட்ட பிறகு நான் வரைவது வேறு சங்கதி. இறக்கை வைத்த முதலை, மூன்று கண் குதிரை, மயில் தோகை உள்ள சிறுத்தை. பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்த பழக்கம், முப்பத்தைந்து வயதிலும் விடவில்லை.

நன்றாகத்தான் வரைகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கேம் கம்பெனி, பெயர் வேண்டாம், ஒரு காவல் மிருகத்தை வரைந்து அனுப்பச் சொன்னது. சிங்க உடம்பு, பெரிய இறக்கை, முதுகெல்லாம் முள். நாலு ராத்திரி கண் விழித்து வரைந்தேன். இரண்டு நாள் கழித்து அங்கிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "பார்க்க சூப்பரா இருக்கு சார். ஆனா இறக்கையை அசைக்க முடியாது."

எனக்குப் புரியவில்லை. வரைந்த படத்தில் எதை அசைப்பது? அவனே பொறுமையாகச் சொன்னான். கேமில் அந்த மிருகம் நடக்கும், பறக்கும், உட்காரும். அதற்கு உள்ளே எலும்பு போட வேண்டும். என் சிங்கத்தின் இறக்கை முதுகில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருக்கிறது, அது எந்த மூட்டிலிருந்து கிளம்புகிறது என்றே தெரியவில்லை. "முன்னங்காலுக்கு ஒரு தோள்பட்டை வேணும், இறக்கைக்கு இன்னொண்ணு வேணும். ரெண்டும் ஒரே இடத்துல இடிக்குது சார்." அவ்வளவுதான், வேலை போச்சு.

ஒரு வாரம் பென்சிலையே தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் நிற்கும்போது, பாய் கோழியை வெட்டிக்கொண்டிருந்தார். இறக்கையைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார், கத்தி சரியாக மூட்டுக்குள் போனது. அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று தோன்றியது. அன்றைக்கு இரண்டு இறக்கையை வெட்டாமல் முழுசாகத் தரச் சொல்லி வாங்கிவந்தேன்.

செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் என் கையை நீட்டிக்கொண்டேன். கோழியின் இறக்கையில் மேல்கை எலும்பு ஒன்று, நமக்கும் ஒன்று. அடுத்து முன்கையில் இரண்டு, நமக்கும் இரண்டு. அப்புறம் மணிக்கட்டு, அதற்கப்பால் விரல்கள் ஒட்டிப்போன மாதிரி ஒரு கூரான நுனி. அதாவது இறக்கை என்பது கை. இதைப் பத்தாம் வகுப்பிலேயே படித்திருப்பேன், மண்டையில் ஏறவில்லை. முழங்கையைப் பிடித்து நீட்டினேன், மணிக்கட்டும் தானாகவே நீண்டது. மடக்கினேன், அதுவும் கூடவே மடங்கியது. நான் தொடாத மூட்டு எப்படி அசைகிறது என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். தோளிலிருந்து மணிக்கட்டு வரை முன்பக்கம் ஒரு தோல் மடிப்பு ஓடுகிறது. நீட்டும்போது அது பாய்மரம் மாதிரி விறைக்கிறது. என் சிங்கத்தின் இறக்கையில் அப்படி ஒன்றுமே இல்லை, தோளிலிருந்து நேராகச் சிறகு முளைத்திருந்தது.

"கறியை வச்சுக்கிட்டு என்னடா பண்றே, மணி பதினொண்ணு ஆச்சு" என்று அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். அதற்குள் எட்டுப் படம் போட்டிருந்தேன். மத்தியானம் சாப்பிடும்போதும் விடவில்லை. கோழியில் நெஞ்சுக்கறிதானே அதிகம். அந்தச் சதை முழுக்க இறக்கையை இழுப்பதற்காக இருப்பது, நெஞ்சு நடுவில் கப்பலின் அடிக்கட்டை மாதிரி நிற்கும் எலும்பில் பிடித்திருக்கிறது. ஒல்லி நெஞ்சுச் சிங்கத்துக்கு அவ்வளவு பெரிய இறக்கையைக் கொடுத்தால் அது இறக்கையைச் சுமக்குமே தவிரப் பறக்காது.

அடுத்த ஞாயிறு ஆட்டுக்கால். பாயா வைக்க வாங்கும் காலைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கடைக்காரர் 'கால்' என்று கொடுப்பது உண்மையில் ஆட்டின் கையும் பாதமும்தான். முன்னங்காலில் நாம் முட்டி என்று நினைக்கும் இடம் அதன் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கமாக மடங்குகிறதே, அது குதிகால். அசல் முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி, தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. இத்தனை வருடமாக நான் வரைந்த குதிரை, நாய், புலி எல்லாவற்றுக்கும் முழங்காலைப் பின்பக்கம் மடக்கி வைத்திருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இது பிடிபட்ட பிறகு கால் விஷயம் மூன்று வகைக்குள் அடங்கிவிட்டது. நாமும் கரடியும் உள்ளங்காலை முழுக்க ஊன்றி நடக்கிறோம். நாயும் பூனையும் விரலில் நடக்கின்றன, குதிகால் தூக்கியே இருக்கும். ஆடு, மாடு, குதிரை எல்லாம் நகத்தின் நுனியில் நிற்கின்றன. ஆட்டுக்கு இரண்டு விரல், குதிரைக்கு ஒரே விரல். கற்பனை மிருகத்தை வரையும் முன் இந்த மூன்றில் எது என்று முடிவு செய்துகொள்கிறேன். பதுங்கிப் பாய்வது என்றால் விரலில் நிற்கட்டும். வெட்டவெளியில் ஓடுவது என்றால் குளம்பு. யானை இதில் கொஞ்சம் தனி ரகம். பார்க்க உலக்கை மாதிரி இருந்தாலும் உள்ளே விரல்கள் சாய்ந்துதான் நிற்கின்றன, குதிகாலுக்குக் கீழே கொழுப்பு மெத்தை. கோயில் வாசலில் யானையின் நகத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். "முன்னாடி அஞ்சு, பின்னாடி நாலு தம்பி, எதுக்குக் குனிஞ்சு குனிஞ்சு பாக்குறே?" என்றார் பாகன்.

இவ்வளவும் ஆன பிறகுதான் தாராசுரம் போனேன். போனேன் என்றால், அதற்கு முன்னால் ஐம்பது தடவை போயிருப்பேன், வீட்டிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடம். சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிப்போய்க் காட்டும் ஊர். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில், 12ஆம் நூற்றாண்டு, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதெல்லாம் ஒப்பிப்பேன். அங்கே முன்மண்டபத்துத் தூண்களின் அடியில் யாளிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு யாளியின் முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்தது அந்த வருடம்தான் முதல் தடவை.

கைடுகள் வந்து கூட்டத்துக்குச் சொல்வார்கள், இதில் இத்தனை மிருகம் இருக்கிறது என்று. ஒருவர் ஐந்து என்பார், அடுத்தவர் ஏழு என்பார். ஜனங்கள் தும்பிக்கையைத் தொட்டு, கொம்பைத் தொட்டு எண்ணிவிட்டுப் போவார்கள். எண்ணிக்கை எனக்கு முக்கியமாகப் படவில்லை. யானை முகம் முடிந்து சிங்க உடம்பு தொடங்கும் இடம் எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை. தாடைக்குப் பின்னால் வரவேண்டிய அந்தக் கோட்டின் மேல் பிடரி மயிர் சுருள் சுருளாகப் போகிறது. அதற்குக் கீழே கழுத்தில் ஆரம். ஆரத்துக்குக் கீழே நெஞ்சு ஏற்கனவே சிங்கமாகிவிட்டது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தால்கூட எங்கே மாறியது என்று பிடிபடாது. அப்புறம் மற்றக் கோயில்களிலும் இதையே தேடினேன். மாறும் இடத்தில் மயிர், மணிமாலை, தோள்வளை, இல்லாவிட்டால் ஒரு இலைக்கொடி. ஸ்தபதிகள் அழகுக்காக மட்டும் நகை போடவில்லை, தையலை மறைக்கவும் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. இது என் ஊகம்தான், சிற்ப சாஸ்திரம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

என் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். ஒட்டு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. முதலைச் செதில் ஒரு கோட்டில் முடிந்து, அடுத்த மில்லிமீட்டரில் கழுகுச் சிறகு ஆரம்பித்திருந்தது, சட்டையில் பேண்ட் துணியை ஒட்டுப்போட்ட மாதிரி. அதிலிருந்து ஒன்று செய்ய ஆரம்பித்தேன்: மாறும் இடத்தை நாலு விரல் அகலத்துக்கு இழுத்துவிடுவது. செதில் மெல்ல நீளமாகும், நுனி கூராகும், நடுவில் நரம்பு ஓடும், பிறகு சிறகாகும். எறும்புத்தின்னியின் ஓட்டையும் கோழிக் கழுத்துச் சிறகையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அடுக்கு ஒன்றேதான்.

அதே கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. காளையின் உடம்பைக் கையால் மறைத்தால் யானை. யானையை மறைத்தால் காளை. தலை ஒன்று, கண்ணும் ஒன்று. அதை நகலெடுக்கப் போய் ஏழு தாள் வீணாயிற்று. உடம்பு இரண்டையும் வரைந்துவிட்டுத் தலைக்கு வந்தால் சேராது. கண்ணை முதலில் வைத்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் கோட்டை இழுத்தால்தான் வருகிறது. இப்போது எந்தக் கலப்பு மிருகம் வரைந்தாலும் கண்ணிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

சோழர் யாளி உட்கார்ந்திருக்கும். மதுரைப் புதுமண்டபம் போன்ற நாயக்கர் காலத்து மண்டபங்களில் அது பின்னங்காலில் எழுந்து நின்றுவிடும். உறுப்புகள் கிட்டத்தட்ட அவைதான், ஆனால் ஆளே வேறு. உட்கார்ந்தது பாரம் தாங்குகிற ஆள், எழுந்தது சண்டைக்கு வருகிற ஆள். நின்ற யாளியின் தொடையைப் பாருங்கள், மொத்த எடையும் அங்கே இறங்குவதால் காளைத் தொடை மாதிரி பருத்திருக்கும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் புலிக்குகை என்று சொல்லும் இடத்திலோ உடம்பே இல்லை, வாசலைச் சுற்றிப் பதினொரு தலை மட்டும். உடம்பை நம் தலைக்குள் நாமே வரைந்துகொள்கிறோம்.

யாளி தமிழுக்குப் புதுசு கிடையாது. சங்கப் பாட்டில் ஆளி என்று வருகிறது, யானையை அடித்துத் தந்தத்தைப் பிடுங்கும் விலங்காக. எனக்கு அதில் பிடித்தது, முதலில் அது என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறார்கள். யானையை அடிக்கும் என்றால் எவ்வளவு உயரம், எப்படிப்பட்ட நகம் என்று நாமே வரைந்துவிடலாம். நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். கொம்பு, முள், வால் எல்லாம் வைத்துவிட்டு, அது என்ன தின்னும் என்று கடைசியில் யோசிப்பேன், சில நேரம் யோசிக்கவே மாட்டேன்.

இங்கே அக்கா மகனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏழு வயது. நான் ஒரு தடவை ஆறு கொம்பு, இரண்டு வால், நெருப்பு, ஓடு, இறக்கை எல்லாம் வைத்து ஒரு மிருகம் வரைந்து, என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாமே இருக்கு மாமா, ஆனா பேர் வைக்க முடியலை" என்றான். அன்றிலிருந்து ஒரு உருவத்துக்கு ஒரு அதிசயம்தான். கழுத்து நீளம் என்றால் கழுத்து மட்டும். மற்றதெல்லாம் நாம் பார்த்த மிருகமாகவே இருக்கட்டும்.

வெளிநாட்டுக்காரர்களும் இதே வழியில்தான் போயிருக்கிறார்கள். லியனார்டோ டா வின்சி தன் குறிப்பில் டிராகனுக்கு ஒரு செய்முறையே எழுதிவைத்திருக்கிறார்: வேட்டைநாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் காது, சிங்கத்தின் புருவம், கிழட்டுச் சேவலின் நெற்றிப்பொட்டு, ஆமையின் கழுத்து. 'கிழட்டு' என்று போட்டிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் ஆள் நிற்கிறார். வெறும் சேவல் என்றால் எல்லோரும் ஒரே சேவலைத்தான் நினைப்போம்.

எனக்கு அவரைவிட நெருக்கமானவர் டூரர் என்ற ஜெர்மன் ஓவியர், என்னைப்போல அவரும் அச்சுக்காரர். குஜராத் சுல்தான் போர்ச்சுகீசியருக்குக் கொடுத்த ஒரு காண்டாமிருகம் 1515 மே மாதம் லிஸ்பனில் போய் இறங்கியது. டூரர் இருந்ததோ ஜெர்மனியில் நியூரம்பர்க். மிருகத்தை அவர் பார்க்கவே இல்லை. வந்த கடிதத்தையும் ஒரு கோட்டுப் படத்தையும் வைத்து மரக்கட்டையில் செதுக்கவைத்து அச்சடித்தார். தோல் மடிப்புகள் இரும்புத் தகடு மாதிரி, பிடரியில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு. தப்புதான். ஆனால் ஐரோப்பாவில் இருநூறு வருடத்துக்கு மேல் காண்டாமிருகம் என்றால் அந்தப் படம்தான். நியூரம்பர்க் கவசம் செய்வதற்குப் பேர்போன ஊர். தகடு எப்படித் தகட்டின் மேல் படியும், எங்கே மடங்கும் என்று அங்கே வளர்ந்தவருக்குத் தெரிந்திருக்கும். பார்க்காத மிருகத்துக்குப் பார்த்த கவசத்தை மாட்டிவிட்டார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

என் ராத்திரிப் பழக்கத்தையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். அச்சகத்தில் தேதி தப்பாகிப்போன பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதன் பின்பக்கத்தில் பிரஷ் பேனாவால் இருபது கறுப்புத் திட்டு போடுவேன், யோசிக்காமல். கண், மூக்கு ஒன்றும் கிடையாது, வெறும் நிழல் உருவம். மறுநாள் காலையில் தூர வைத்துப் பார்ப்பேன். எது மிருகமாகத் தெரிகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்வது, மற்றவை குப்பைக்கு. இருபதில் ஒன்று தேறினால் அதிகம். கறுப்பாக்கினால் அடையாளம் தெரியாத உருவத்தை, செதிலும் நிழலும் போட்டுக் காப்பாற்ற முடிந்ததே இல்லை. திட்டுப் போட அலுத்தால் ஓதம் ஏறிய சுவரைப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. சுவர்க்கறையில் உருவம் தேடச் சொன்னவரும் லியனார்டோதான்.

டீக்கடை வாசலில் படுத்திருக்கும் நாயை ஒரு மாதம் தினமும் வரைந்தேன். அது மட்டும்தான், வேறு எதுவும் இல்லை. பத்தாம் நாள் சலித்துவிடும், விடாதீர்கள். இருபதாம் நாள் அந்த நாய் எழுந்திருக்கும்போது முதலில் முன்பாதியைத் தூக்குவதைப் பார்த்தேன். மாடு பின்பாதியைத்தான் முதலில் தூக்கும். உங்கள் மிருகம் எப்படி எழுந்திருக்கும்? இன்டர்நெட்டில் டிராகன் என்று தேடி அதைப் பார்த்து வரைந்தால் இந்தக் கேள்வியே வராது. அது வேறொருவர் முன்பே பதில் சொல்லிவிட்ட கணக்கு. ஏஐயிடம் கேட்டால் இன்னும் பளபளப்பாக வரும், நானும் கேட்டுப் பார்த்தேன். எனக்கு வந்த படங்களில் தோள்பட்டை இருக்கும் இடத்தில் புகையோ முடியோ வந்து மூடிக்கொண்டது. ஸ்தபதி மறைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு, அவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் இரண்டு தடவை போனேன். முதல் தடவை போனது வெள்ளிக்கிழமை, அன்றைக்கு விடுமுறை. அக்கா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். இரண்டாம் தடவை திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று அதன் துடுப்பைப் பார்த்தேன். அங்கேயும் மேல்கை, முன்கை, விரல்கள்.

அளவு விஷயத்தில் நான் பட்ட அடி ஒன்று. வயல்பக்கத்துக் குளத்தில் இலைக்கோழி பார்த்திருப்பீர்கள். கால்விரல் அவ்வளவு நீளம், அல்லி இலைமேல் எடையைப் பரப்பிக்கொண்டு நடக்கும். அந்தப் பாதத்தை வைத்து ஒரு குளத்து மிருகம் வரைந்தேன், எருமை அளவு. பார்க்க ஏதோ இடித்தது. பிறகுதான் கணக்குப் போட்டேன். எந்த உருவத்தையும் இருமடங்கு உயரமாக்கினால் எடை எட்டு மடங்காகும், காலின் குறுக்குப் பரப்பு நாலு மடங்குதான் ஆகும். அதனால்தான் யானைக்குத் தூண் மாதிரிக் கால், கொக்குக்குக் குச்சி. எருமை எடையை எந்த இலை தாங்கும்? மிருகத்தை நாட்டுக்கோழி அளவுக்குக் குறைத்தேன், கண்ணைப் பெரிதாக்கினேன், பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியை மிதக்கவிட்டேன். உடனே உயிர் வந்தது. பெரிய மிருகம் வேண்டுமென்றால் தலையில் கண்ணைச் சின்னதாக வையுங்கள், யானையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அந்த இறக்கைச் சிங்கத்தையும் திரும்ப வரைந்தேன். முன்னங்காலின் தோள்பட்டையை முன்னால் தள்ளி, இறக்கையின் தோளை அதற்குப் பின்னால் விலாவின் மேல் இறக்கி, நடுவில் சதைக்கு இடம் விட்டு, நெஞ்சை ஆழமாக்கி, ஒட்டின் மேல் பிடரியை இழுத்துவிட்டேன். பழைய கம்பெனிக்கு அனுப்பவில்லை, ரோஷம். வேறொரு இடத்தில் காட்டியதில் மூன்று மிருகம் வரையச் சொன்னார்கள். உருவத்துக்கு மூவாயிரம். அச்சகத்தை விடும் அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் பணத்தில் நல்ல ஸ்கெட்ச் புக்கும், அக்கா பையனுக்கு ஒரு சைக்கிளும் வாங்கினேன்.

இப்போது ஒரு மலைமிருகம் போய்க்கொண்டிருக்கிறது. எறும்புத்தின்னி ஓடு, கரடிப் பாதம், புற்றைத் தோண்டித் தின்னும். ஓட்டின் அடுக்கு ஒவ்வொன்றையும் டூரரை நினைத்துக்கொண்டு போட்டேன், மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரு இடைவெளி விடவில்லை. நேற்று ராத்திரி மை போடும் நேரத்தில் பையன் வந்து மேஜை மேல் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தான். என்ன தின்னும் என்று கேட்டான், கறையான் என்றேன். எப்படித் தூங்கும் என்றான், சுருண்டு என்று சுருண்ட படத்தையும் காட்டினேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த பெருமையில் இருந்தேன்.

"சரி மாமா, இது எங்க ஆய் போவும்?"

வாலைத் திருப்பிப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் ஓடு. ரப்பரை எடுத்தேன்.